விண்மீன் இட்ட உரம்

செங்கற்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகத்தை அடுத்து, வேடந்தாங்கல் என்னும் சிற்றூர் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் மழையில் அவ்வூர் ஏரி நிரம்பியதும், நீரினுள் நிற்கும் கடம்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் பறவைகள் வந்து கூடு கட்டத் தொடங்கும். நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் என அவற்றுள் பல வகை உண்டு. சுற்றுப்புறத்து ஏரிகளிலும் கழனிகளிலும் மீனும் நத்தையும் தவளையும் தேடி உண்டு, அவை இம்மரங்களுக்குத் திரும்பி வரும். அவற்றின் எச்சம் ஏரி நீரில் விழுந்து கலக்கும். அந்நீர் பாயும் வயலுக்கு அந்நீரே உரமுமாகும் என்பது அவ்வூர் உழவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்த உண்மை. கம்பெனி ஆட்சிக் காலத்தில் வெள்ளைச் சிப்பாய்கள் இப்பறவைகளைச் சுட்டபோது, ஊரார் கலெக்டர் லயனல் பிளேஸ் துரையிடம் முறையிட்டனர் என்றும், அவர் 1798ஆம் ஆண்டில் பறவைகளைக் காக்க ஆணை எழுதிக் கொடுத்தார் என்றும் வரலாறு கூறும். தீபாவளிக்கும் வெடி கொளுத்தாமல் பறவைகளைப் பேணும் ஊர் அது.

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில், எட்டாம் வகுப்பு மாணவர்களை அவ்வேரிக்கு அழைத்துச் சென்றேன். ஏரிக் கரையில் நின்று, பறவை எச்சத்தில் நைட்ரஜனும் பாஸ்பரசும் உண்டு. அவையே நெற்பயிருக்கு உரமாகின்றன என்று விளக்கினேன். ஒரு மாணவன் கையை உயர்த்தினான்.

“ஐயா, பறவைக்குப் பாஸ்பரஸ் எங்கிருந்து வந்தது?”

“மீனிலிருந்து, தம்பி.”

“மீனுக்கு?”

“நீரில் வளரும் பாசியிலிருந்தும் புழு பூச்சிகளிலிருந்தும்.”

“அவற்றிற்கு?”

“மண்ணிலிருந்து.”

“மண்ணுக்கு, ஐயா?”

எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று கூறும் துணிவும் அன்று இல்லை. “அது இயற்கையில் இருப்பது, வாயை மூடிக்கொண்டு வரிசையில் நட” என்றேன். மற்ற மாணவர்கள் சிரித்தனர். அவன் தலை குனிந்து நடந்தான். அதன்பின் அவ்வாண்டு முழுவதும் அவன் வகுப்பில் கை உயர்த்தவே இல்லை.

அவன் கேட்டதோ, மானிடர் கேட்ட வினாக்களுள் மிகப் பெரிய வினாக்களில் ஒன்று. நான் மறுமொழி கூற மறுத்த அந்நாளிலேயே அதற்கு விடை இருந்தது. அவ்விடையின் வரலாற்றையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன். அவ்வரலாற்றில் நம் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு என்பதையும் நீங்கள் காண்பீர்கள்.

முதலில் ஒரு செய்தி. மண்ணில் உள்ள பாஸ்பரசும் இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் வானத்திலும் உண்டா என்பதையே மனிதன் நெடுங்காலம் அறியான். பிரெஞ்சு நாட்டு அறிஞர் ஆகுஸ்த் கோம்த் என்பார் 1835ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், விண்மீன்களின் தொலைவையும் இயக்கத்தையும் நாம் அறியக்கூடும். ஆனால் அவை எப்பொருளால் ஆனவை என்பதை ஒருநாளும் அறிய இயலாது என்று உறுதியாக எழுதினார். அவர் கூறியதில் நியாயம் இல்லாமலில்லை. சென்று தொட முடியாத பொருளை எவ்வாறு சோதிப்பது? ஆயினும் அவர் அறியாத ஒன்று இருந்தது. விண்மீன் தன் செய்தியைத் தானே எழுதி, ஒளி என்னும் மடலில் வைத்து, நமக்கு இடையறாது அனுப்பிக்கொண்டிருக்கிறது. அம்மடலைப் படிக்கும் எழுத்துத்தான் நமக்குத் தெரியாமலிருந்தது.

முப்பட்டகக் கண்ணாடியின் வழியே செல்லும் சூரிய ஒளி ஏழு நிறமாகப் பிரியும் என்பதை நீங்கள் ஆய்வுக்கூடத்தில் கண்டிருப்பீர்கள். அந்நிறமாலையின் நடுநடுவே மெல்லிய கருங்கோடுகள் இருப்பதைச் செருமானியக் கண்ணாடி வினைஞரான பிரான்ஹோபர் 1814இல் கண்டு, நூற்றுக்கணக்கான கோடுகளை வரைந்து காட்டினார். அவற்றின் பொருள் 1859ஆம் ஆண்டில்தான் விளங்கியது. ஐடல்பர்க் நகரில் பணியாற்றிய கிர்க்காப், பன்சன் ஆகிய இருவரும், ஒவ்வொரு தனிமத்திற்கும் அதற்கே உரிய கோடுகள் உண்டு என மெய்ப்பித்தனர். உப்பைத் தீயில் இட்டால் தோன்றும் சோடியத்தின் மஞ்சள் கோடு எங்கே உள்ளதோ, அதே இடத்தில் சூரிய நிறமாலையில் கருங்கோடு உள்ளது. எனவே சூரியனிலும் சோடியம் உண்டு. கோம்த் மறைந்து இரண்டே ஆண்டுகளில், இயலாது என்று அவர் கூறியது இயன்றுவிட்டது.

இதன் பின்னர் நிகழ்ந்த அரிய நிகழ்ச்சி ஒன்று நம் நாட்டிலேயே நிகழ்ந்தது. 1868ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம் ஏற்பட்டது. நிலவின் நிழல் தென்னிந்தியாவின் குறுக்கே சென்றது. அதனைக் காணப் பிரெஞ்சு நாட்டிலிருந்து ஜான்சென் குண்டூருக்கு வந்தார். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் இயங்கிவந்த வானாய்வுக் கூடத்தின் தலைவர் போக்சன் மசூலிப்பட்டினத்தில் கருவிகளை நாட்டினார். அக்கூடத்திலேயே பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் வேறொரு குழுவுடன் வனபர்த்திக்குச் சென்றார். இந்த ரகுநாதாச்சாரியாரை நாம் மறந்துவிடலாகாது. 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர் அவர். வானியலை நம் மக்களின் மொழிகளில் எழுதிப் பரப்ப முயன்றவரும் அவர்.

அந்நாளில் சூரியனின் விளிம்பில் எழுந்த தீக்கொழுந்துகளின் ஒளியை ஆராய்ந்தோர், மஞ்சள் நிறத்தில் பளிச்சென்ற கோடு ஒன்றைக் கண்டனர். அவ்வாண்டு அக்டோபரில், கிரகணம் இல்லாத நாளிலேயே, இங்கிலாந்தில் லாக்கியர் அக்கோட்டை ஆராய்ந்தார். அது சோடியத்தின் கோடன்று. புவியில் அறியப்பட்ட எத்தனிமத்தின் கோடும் அன்று. சூரியனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு அதற்கு ஹீலியம் எனப் பெயரிட்டனர். பலர் நம்பவில்லை. இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, 1895இல், யுரேனியக் கனிமம் ஒன்றிலிருந்து ராம்சே அவ்வாயுவைப் பிரித்தெடுத்தார். ஒரு தனிமத்தை முதலில் சூரியனில் கண்டு, பின்னர் நிலத்தில் காண்பது என்பது அதற்கு முன் எவரும் கேட்டறியாதது.

சென்னைக் கூடத்தின் வானாய்வுப் பணி 1899இல் கோடைக்கானலுக்கு மாறியது. நுங்கம்பாக்கத்தில் பழைய கருவியைத் தாங்கிய கருங்கல் தூண், தமிழ் உள்ளிட்ட மொழிகளில் எழுத்துப் பொறிக்கப்பெற்று, இன்றும் நிற்கிறது. சென்னைக்குச் செல்லும் மாணவர் அதனைக் காண்பது நன்று.

கோடுகளைப் படிக்கத் தெரிந்தது. ஆனால் எத்தனிமம் எவ்வளவு உண்டு என்பது தெரியவில்லை. சில மீன்களில் இரும்பின் கோடுகள் மிகுதி. சிலவற்றில் ஹைட்ரஜனின் கோடுகள் மிகுதி. இதற்குக் காரணம் என்ன? கல்கத்தாவில் ஆய்ந்த மேகநாத சாகா 1920இல் விடை கண்டார். வெப்பம் மிக மிக அணுக்கள் தம் எலக்ட்ரான்களை இழக்கும். அதற்கேற்பக் கோடுகள் வலுக்கும் அல்லது மெலியும். ஆகவே கோட்டின் வலிமையைக் கொண்டு மட்டும் பொருளின் அளவை முடிவு செய்யலாகாது என்று காட்டி, அதனைக் கணக்கிடும் சமன்பாட்டையும் தந்தார். அச்சமன்பாட்டைக் கைக்கொண்டு, அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வுக் கூடத்தில் சிசிலியா பெய்ன் என்னும் இளம்பெண் 1925இல் தம் ஆய்வேட்டை எழுதினார். விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனாலும் ஹீலியத்தாலும் ஆனவை. இரும்பு முதலிய மற்றவை மிகச் சிறிதளவே என்பது அவர் கணக்கு. அக்காலத்தின் பேரறிஞரான ரசல் இதனை ஏற்கவில்லை. அவர் சொல்லுக்கு இணங்கி, தாம் கண்ட முடிவு பெரும்பாலும் மெய்யாயிராது என்று பெய்னே தம் ஏட்டில் எழுத நேர்ந்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் ரசல் வேறு வழியில் ஆராய்ந்து, பெய்ன் கூறியதே சரி என்று 1929இல் ஒப்புக்கொண்டார்.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். வானத்தில் உள்ளது பெரும்பாலும் ஹைட்ரஜன், அடுத்து ஹீலியம். ஏனைய தொண்ணூறு தனிமங்களும் சமையலில் இடும் உப்பளவே. அவ்வாறாயின், அந்த உப்பைச் செய்தவர் யார்?

இங்கிலாந்தின் எடிங்டன் 1920ஆம் ஆண்டிலேயே ஒரு குறிப்புக் காட்டியிருந்தார். நான்கு ஹைட்ரஜன் அணுக்களின் எடை ஓர் ஹீலிய அணுவின் எடையைவிடச் சற்று மிகுதி; ஆயிரத்தில் ஏழு பங்கு கூடும். நான்கும் சேர்ந்து ஒன்றானால் அம்மிகுதி ஆற்றலாக வெளிப்படும். சூரியன் எரிவது இவ்வாறே இருக்கலாம் என்றார் அவர். அது நிகழும் முறையை ஹான்ஸ் பெத்தே 1939 அளவில் விளக்கினார். சூரியனின் நடுவில் வெப்பம் ஒன்றரைக் கோடி பாகை. அங்கே ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாகிறது. அதில் ஏறத்தாழ 40 லட்சம் டன் பொருள் ஆற்றலாக மாறி வெளியேறுகிறது. வேடந்தாங்கல் ஏரியில் பாசி வளர்வதும், அதனை உண்ட மீனைக் கொக்கு கொத்துவதும் இவ்வாற்றலின் ஒரு சிறு திவலையால்தான்.

ஹீலியம் உண்டாயிற்று, கரி எவ்வாறு உண்டாவது? ஹைட்ரஜன் தீர்ந்த முதிய விண்மீனின் நடுப்பகுதி சுருங்கி, வெப்பம் பத்துக் கோடி பாகையை எட்டும். அங்கே மூன்று ஹீலிய அணுக்கருக்கள் சேர்ந்து கரியாகும் என்று சால்பீட்டர் 1952இல் கூறினார். ஆனால் கணக்கிட்டபோது, உலகில் உள்ள கரியின் அளவிற்கு அச்சேர்க்கை போதவில்லை. பிரெட் ஹாயில் என்னும் ஆங்கில அறிஞர் 1953இல், கரி அணுக்கருவிற்கு இதுவரை எவரும் காணாத ஒரு குறிப்பிட்ட ஆற்றல் நிலை இருந்தே தீர வேண்டும். இல்லையேல் நாம் இங்கே இருந்திரோம் என வாதிட்டார். கலிபோர்னியாவில் அணுக்கரு ஆய்வகத்தில் இருந்த வில்லியம் பவுலரிடம் சென்று, தேடிப் பாருங்கள் என்றார். பவுலர் முதலில் ஐயுற்றார். ஆயினும் அவ்வாய்வகத்தைச் சேர்ந்த வார்டு வேலிங் முதலியோர் சோதித்தனர். ஹாயில் கூறிய இடத்திற்கு மிக அருகிலேயே அந்நிலை இருந்தது.

மாணவர்களே, ஐயம் இருவகைப்படும். இயலாது என்று கதவை அடைப்பது ஒருவகை. ஐயுறுகிறேன், ஆகவே சோதிக்கிறேன் என்பது மற்றொரு வகை. பின்னதே அறிவியல்.

இதற்கிடையில், விண்மீன்களில் தனிமங்கள் இன்றும் உருவாகின்றன என்பதற்குக் கண்கூடான சான்றும் கிடைத்தது. டெக்னீசியம் என்னும் தனிமம் நிலையற்றது. அதன் வகைகளுள் நெடிது வாழ்வதும் சில பத்து லட்சம் ஆண்டுகளில் பாதியாக அழியும். புவியில் அது பெரும்பாலும் செயற்கையாகவே கிடைப்பது. அதன் கோடுகளைச் சில செம்பெருமீன்களின் ஒளியில் பால் மெரில் 1952இல் கண்டார். விண்மீனின் வயதோ பல கோடி ஆண்டுகள். தொடக்கத்திலேயே இருந்த டெக்னீசியமாயின் என்றோ அழிந்திருக்கும். எனவே அதை அம்மீனே அண்மையில் ஆக்கியிருக்க வேண்டும். அடுப்பில் பொங்கும் உலையைக் கண்டவனுக்கு, சோறு எங்கே வெந்தது என்னும் ஐயம் எழுவதில்லை அன்றோ?

மார்கரெட் பர்பிட்ஜ், அவர் கணவர் ஜெப்ரி பர்பிட்ஜ், பவுலர், ஹாயில் ஆகிய நால்வரும் இவை அனைத்தையும் தொகுத்து 1957இல் நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். எத்தனிமம் எவ்வகை விண்மீனில், எந்நிலையில், எம்முறையில் உண்டாகும் என்பதை அது வகைப்படுத்திக் காட்டிற்று. பேரண்டத்தின் தொடக்கத்தில் உண்டானவை ஹைட்ரஜனும் ஹீலியமும் சிறிதளவு லித்தியமுமே. கரி முதல் யுரேனியம் வரை உள்ளவற்றுள் மிகப் பெரும்பாலானவை விண்மீன்கள் சமைத்தவை என்பது இன்று உறுதிப்பட்ட உண்மை.

ஆனால் ஒரு பெரிய தடை எஞ்சி நிற்கிறது. விண்மீன் தன் வயிற்றுக்குள் சமைத்ததைத் தானே வைத்துக்கொண்டால் நமக்கு என்ன பயன்? களஞ்சியத்தில் பூட்டிய நெல் ஊராரின் பசியைத் தீர்க்குமா? அது வெளியே வர வேண்டும். எவ்வாறு வரும் என்னும் வினாவிற்கு விடை காண உதவியவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற இளைஞர் ஒருவர்.

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910இல் லாகூரில் பிறந்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். 1930 ஜூலை இறுதியில், பத்தொன்பது வயதில், கேம்பிரிட்ஜில் பயில்வதற்காகப் பம்பாயில் கப்பல் ஏறினார். எரிபொருள் தீர்ந்த விண்மீன்கள் சுருங்கி வெண்குறுமீன்களாக அடங்கிவிடும் என்பது அன்றைய கொள்கை. கப்பலில் அமர்ந்து அவர் கணக்கிட்டார். எடை ஓர் எல்லைக்கு மேற்பட்டால் அம்மீன் அவ்வாறு அடங்கியிருக்க இயலாது என்று கண்டார். அவ்வெல்லை நம் சூரியனின் எடையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. சந்திரசேகர் எல்லை என இன்று உலகம் அதனை அழைக்கிறது.

1935 ஜனவரியில் லண்டன் அரச வானியல் கழகத்தில் அவர் இம்முடிவை எடுத்துரைத்தார். அடுத்து எழுந்தவர் எடிங்டன். விண்மீன் இவ்வாறு நடந்துகொள்வதை இயற்கையே தடுத்துவிடும் என்று கூறி, அவையோர் நகைக்கும்படி அதனை மறுத்தார். சூரியன் எரியும் வழியை 1920இல் சரியாகக் குறித்துக் காட்டிய அதே பெரியார்தாம் இவர்! அறிவிற் சிறந்தோரும் ஒருநாள் தவறுவர். சந்திரசேகர் வாதத்தில் காலம் கழிக்கவில்லை. மனம் கசந்து போகவும் இல்லை. கணக்கை நூலாக எழுதி வைத்துவிட்டு, வேறு துறையில் ஆய்வைத் தொடர்ந்தார். காலம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1983ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு இருவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒருவர் விண்மீன்களின் அமைப்பையும் வாழ்வையும் ஆராய்ந்த சந்திரசேகர். மற்றொருவர், தனிமங்கள் உண்டாகும் அணுக்கரு வினைகளை ஆராய்ந்த பவுலர். சமைப்பதையும் வழங்குவதையும் ஒரே பரிசில் இணைத்தது போன்றது அது.

இனி வழங்கும் முறையைப் பார்ப்போம். அது மூவகைப்படும்.

முதல் வகை அமைதியானது. சூரியனை ஒத்த மீன்களும் அதனினும் சில மடங்கு பெரியவையும் முதுமையில் ஊதிப் பெருத்து, தம் மேலடுக்குகளை மெல்ல மெல்ல விண்வெளியில் உதிர்க்கும். கரியில் ஒரு பெரும் பகுதியும், நைட்ரஜனில் பெரும் பகுதியும் இவ்வாறு வந்தவை. எஞ்சுவது வெண்குறுமீன்.

இரண்டாம் வகை வெடிப்பு. சூரியனைப்போல் எட்டு மடங்கிற்கு மேற்பட்ட பெருமீன்கள் ஹீலியத்தோடு நில்லாமல் கரி, நியான், ஆக்சிஜன், சிலிக்கான் என ஒன்றன்பின் ஒன்றாக எரித்துச் செல்லும். இருபது மடங்கு எடையுள்ள மீனில் ஹைட்ரஜன் எரியப் பல பத்து லட்சம் ஆண்டுகள் ஆகும். கரி எரியச் சில நூறு ஆண்டுகள். இறுதியில் சிலிக்கான் எரிவது ஒரு நாள் அளவே. அதன்பின் நடுவில் இரும்பு திரளும். இரும்பை மேலும் சேர்த்தால் ஆற்றல் கிடைப்பதில்லை. அந்த இரும்பு உள்ளகம் சந்திரசேகர் எல்லையைக் கடந்ததும் தன்னைத் தாங்க மாட்டாமல் ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் உள்நோக்கி இடிந்து விழும். அதன் விளைவாக வெளியடுக்குகள் பெருவெடிப்பில் சிதறும். இதனையே சூப்பர்நோவா என்பர். வெண்குறுமீன் ஒன்று துணைமீனிடமிருந்து பொருளைப் பெற்று அவ்வெல்லையை நெருங்கினாலும் வெடிக்கும். இரு வெண்குறுமீன்கள் இணைந்தும் வெடிப்பதுண்டு. உலகில் உள்ள இரும்பில் பெரும் பங்கு இத்தகைய வெடிப்புகளில் பிறந்தது.

இது வெறும் கணக்கன்று. 1987 பிப்ரவரியில் நம் பால்வீதிக்கு அண்டையில் உள்ள பெரிய மெகல்லன் மேகத்தில் ஒரு பெருமீன் வெடித்ததைக் கண்டனர். அதன் ஒளி மங்கிய வேகம், கதிரியக்கக் கோபால்ட்டு இரும்பாக மாறும் வேகத்தோடு ஒத்திருந்தது. புதிய இரும்பு பிறப்பதை மனிதன் நேரில் பார்த்தான். சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா எக்ஸ்கதிர்த் தொலைநோக்கி 1999இல் விண்ணில் ஏவப்பட்டது. அது முதலில் ஆராய்ந்தவற்றுள் ஒன்று, காசியோப்பியா என்னும் விண்மீன் கூட்டத்தின் திசையில், 11,000 ஒளியாண்டுத் தொலைவில், வெடித்துச் சிதறிய பெருமீனின் எச்சம். அங்கே விரியும் முகிலில் புவியின் எடையைப்போல் ஏறத்தாழ 70,000 மடங்கு இரும்பும், பத்து லட்சம் மடங்கு ஆக்சிஜனும் உண்டு என மதிப்பிட்டுள்ளனர். அதே எச்சத்தில், 2013இல், பாஸ்பரசையும் கண்டனர். இரும்புடன் ஒப்பிட, பால்வீதியில் பொதுவாக உள்ள விகிதத்தைவிட அங்கே அது நூறு மடங்கு வரை மிகுந்திருந்தது. கரியும் நியானும் எரியும் அடுக்குகளில் உண்டான பாஸ்பரஸ் அது.

மூன்றாம் வகை மோதல். பெருமீன் வெடித்தபின் எஞ்சும் நியூட்ரான் விண்மீன்கள் இரண்டு ஒன்றையொன்று சுற்றி, இறுதியில் மோதிக் கலக்கும். 2017 ஆகஸ்டு 17ஆம் நாள் அத்தகைய மோதலின் ஈர்ப்பலைகளைக் கருவிகள் உணர்ந்தன. அதனைத் தொடர்ந்து எழுந்த ஒளியை உலகெங்கும் ஆராய்ந்தனர். பொன், யுரேனியம் போன்ற கனத்த தனிமங்கள் பிறக்கும் உலைகளுள் இத்தகைய மோதலும் ஒன்று என்பது அதனால் தெளிவாயிற்று. மாமல்லபுரத்திற்குத் தெற்கே கல்பாக்கத்தில், சந்திரசேகர் பரிசு பெற்ற அதே 1983இல், அணுமின் நிலையத்தின் முதல் உலை இயங்கத் தொடங்கியது. அதில் பிளவுற்ற யுரேனியம், நம் சூரியன் பிறப்பதற்கு முன்னரே எங்கோ ஒரு பேரழிவில் பிறந்து, தன்னுள் ஆற்றலைச் சேர்த்து வைத்திருந்த பொருள்.

இவ்வாறு உதிர்ந்ததும் சிதறியதும் விண்மீன்களுக்கு இடையே உள்ள வாயு முகில்களில் கலக்கின்றன. பால்வீதி சுழலச் சுழல, வெடிப்பின் அலைகள் தள்ளத் தள்ள, அப்பொருள் எங்கும் பரவுகிறது. அம்முகில்கள் சுருங்கிப் புதிய மீன்களாகின்றன. அவையும் சமைக்கின்றன, அவையும் வழங்குகின்றன. மிகப் பழைய மீன்களில் இரும்பு மிகக் குறைவாகவும், பின்னர்ப் பிறந்தவற்றில் பொதுவாக மிகுதியாகவும் காணப்படுவது இதற்குச் சான்று. பேரண்டத்தின் வயது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள். சூரியனும் புவியும் பிறந்து ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகள். இடைப்பட்ட 900 கோடி ஆண்டுகளில், எண்ணற்ற மீன்கள் பிறந்து, சமைத்து, வழங்கி மறைந்த பின்னரே நம் புவிக்கு வேண்டிய மண் திரண்டது.

இப்பொழுது வேடந்தாங்கல் கரைக்குத் திரும்புவோம். நத்தைகுத்தி நாரை இடும் முட்டையின் ஓட்டில் உள்ள சுண்ணாம்புச் சத்து, வெடித்த மீன்களின் கொடை. அதன் குருதியில் ஓடும் இரும்பும் அவ்வாறே. எச்சத்தில் உள்ள நைட்ரஜனில் பெரும் பகுதி, அமைதியாக முதிர்ந்து உதிர்த்த மீன்கள் தந்தது. பாஸ்பரஸ் முதன்மையாகப் பெருமீன்களின் உள்ளடுக்குகளில் விளைந்து, வெடிப்பால் வெளிவந்தது. பல ஏரிகளில் மேய்ந்த பறவை ஒரே ஏரிக்கு உரம் இடுவதுபோல், பல காலத்து மீன்கள் நம் ஒரே புவிக்கு உரம் இட்டிருக்கின்றன. ஒரு வேற்றுமை மட்டும் உண்டு. பறவை அடுத்த ஆண்டும் வரும். வெடித்த மீன் மீண்டும் வருவதில்லை.

“மண்ணுக்கு எங்கிருந்து, ஐயா?” என்று அன்று கேட்ட மாணவனுக்கு இன்று ஐம்பது வயதிருக்கும். அவன் எங்கிருக்கிறான் என்பதை நான் அறியேன். ஒருவேளை இவ்வுரையை அவன் கேட்க நேர்ந்தால், அவனிடம் கூற விரும்புவது இதுதான்: தம்பி, மண்ணுக்கு அது விண்மீன்களிடமிருந்து வந்தது. உன் வினா சரியானது. என் விடைதான் தவறானது. கோம்த் ஒருமுறை கதவை அடைத்தார். ரசல் ஒருமுறை அடைத்தார். எடிங்டன் ஒருமுறை அடைத்தார். அப்பெரியோர் ஒவ்வொருவரும் ஒரு கதவை அடைத்தாலும் வேறு பல கதவுகளைத் திறந்தவர்கள். நானோ எதையும் திறவாமலே உன் கதவை அடைத்தேன்.

மாணவ மாணவியரே, நீங்கள் வினவும்போது உங்கள் ஆசிரியருக்கோ பெற்றோருக்கோ விடை தெரியாமல் இருக்கலாம். அதனால் வினா சிறியதாகிவிடாது. அதைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள், நூலகத்தில் தேடுங்கள், அடுத்த ஆண்டும் கேளுங்கள். ஆசிரியராகப் போகிறவர்களுக்கு நான் கூறுவது இன்னும் சுருக்கமானது. “தெரியவில்லை, தம்பி, இருவரும் தேடுவோம்” என்னும் சொல்லை நான் பணியில் சேர்ந்து பல ஆண்டுகள் கழித்தே சொல்லப் பழகினேன். நீங்கள் அதனை முதல் நாளிலேயே சொல்லப் பழகுங்கள்.